பத்தாவது கையெழுத்துக்காகச் சவுத் கென்சிங்டன் போன புதன்கிழமை

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிற பதினொரு பேருக்கும் வணக்கம். (அதில் நாலு பேர் என் மச்சான் மச்சாள்மார். ஒருவர் நானே, பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில்.) பயணக் கட்டுரை என்றதும் பாரிஸ், சுவிஸ் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும். இது பிக்கடில்லி லைனில் ஒரே ஒரு நாள் போய் வந்த கதை. மொத்தச் செலவு, இரண்டு பேருக்கும் தேத்தண்ணியோடு, ஒன்பது பவுண் எண்பத்தைந்து பென்ஸ். ஆனால் அம்மாவையோ மாமாவையோ மேல்வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு தூதரகத்தின் கண்ணாடிக்கு முன்னால் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு இது பாரிஸைவிட உதவும். எங்களில் அப்படி நிற்காதவர்கள் குறைவு.

போனது ஈஸ்டர் விடுமுறையில், ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில். இப்போது செப்டெம்பர். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்றால், முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை. முடிவு போன சனிக்கிழமைதான் வந்தது.

போனவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். வயது பதினைந்து, ரெய்னர்ஸ் லேன் வாசி, ஹரோவில் நடக்கிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூன்று முறை வெளியே நிற்க வைக்கப்பட்டவள். மற்றவர் குல்நாரா அன்ரி. எங்கள் வீட்டு மேல்மாடிப் பின் அறையில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த நாடு கசகஸ்தான். அம்மாவும் அவரும் அல்பேர்ட்டனில் ஒரே பாண் சுடும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். வந்த கிழமையே அவருக்குக் குல்பி அன்ரி என்று பெயர் வைத்துவிட்டேன். ஊர் கரகண்டா என்றார். "கரகம் கண்டா ஆடுவீங்களோ?" என்று கேட்டேன். ஒன்றும் விளங்காமலே சிரித்தார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இடையிடையே அம்மாவிடம் பொறுக்கிய தமிழ் வரும். "ஓம்", "பரவாயில்லை", "சாப்பிட்டாச்சோ" என்ற மூன்றையும் எங்கள் வகுப்பில் பாதிப் பேரைவிடச் சுத்தமாகச் சொல்வார். கீழே அவர் பேசுவதை எங்கள் வீட்டுத் தமிழாக்கித் தந்திருக்கிறேன்.

ஏன் போனோம் என்பதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

கரகண்டாவில் அன்ரியின் தங்கை இருக்கிறார். பெயர் அய்ஷான். அவருக்கு தானா என்று ஆறு வயதில் ஒரு மகள். தானாவுக்குக் காது கேட்காது. அதே ஊரில் அப்படிப் பிள்ளைகள் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து, கிழமையில் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் கூடிச் சைகை மொழி படிக்க ஆசைப்பட்டார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, தாய் தகப்பனும்தான். பிள்ளையோடு பேச அவர்களுக்கும் மொழி வேண்டுமே. பள்ளிக்கூடம் ஒன்று இடம் தரத் தயார். ஆனால் சும்மா வந்து நிற்கிற பத்துக் குடும்பத்துக்குத் தர ஏலாது, சங்கம் என்றால் தரலாம் என்றார்கள். சங்கம் என்றால் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த சட்டம். குறைந்தது பத்துக் குடிமக்கள் நிறுவனராக இருக்க வேண்டும். கூட்டம் வைத்து, சாசனம் எழுதி, இரண்டு மாதத்துக்குள் அரசாங்கத்தில் பதியக் கொடுக்க வேண்டும். பதியாமல் சங்கமாக நடந்துகொண்டால் குற்றம்.

இதை அன்ரி சொல்லி முடிக்க முதல் என் அப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், இன்னும் ஒன்று என்று மூன்றுக்குச் செயலாளர். செயல் எல்லாம் வெளியில், வீட்டுக்கு வருவது வெறும் ஆளர் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. எங்கள் சாப்பாட்டு மேசையில் சங்கமும் சங்கடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடும்.

"பத்துப் பேரோ?" என்றார் அப்பா. "எங்கட ஆக்கள் பத்துப் பேர் சேர்ந்தா மூண்டு சங்கம் வரும். நாலாவதுக்கு இடைக்காலக் குழு போடுவினம்."

அன்ரி சிரிக்கவில்லை. "ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுட்டினம்," என்றார். "பத்தாவது ஆளும் அப்பிடிப் பிள்ளையளின்ர தகப்பன்தான். வேலை செய்யிற இடத்தில முதலாளி கூப்பிட்டு, 'என்ன, சங்கம் தொடங்கிறியாம்?' எண்டு கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டது. மனுசன் அடுத்த நாள் வந்து தன்ர பேரை வெட்டச் சொல்லிப்போட்டுது."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எங்கட ஊரிலையும் ஒரு காலம் நாலு பேர் கூடுறதெண்டா கதவைச் சாத்திப்போட்டுத்தான் கதைச்சனாங்கள்," என்றார். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

தங்கை கடைசியில் அன்ரியைக் கேட்டிருக்கிறார். அன்ரி இன்னும் அந்த நாட்டுக் குடிமகள். பத்தாவது ஆளாகலாம். லண்டனில் இருப்பதால் சம்மதக் கடிதம் எழுதி, தூதரகத்தில் அலுவலருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு, அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும் என்று அவர்கள் ஊர் அலுவலகத்தில் சொன்னார்களாம். இரண்டு மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. தபாலை நம்ப ஏலாது. அதிர்ஷ்டத்துக்கு எர்லான் என்று அவர்கள் ஊர் மாணவன் ஒருவன் புதன் பிற்பகல் ஹீத்ரோவிலிருந்து பறக்கிறான். சம்மதக் கடிதத்தை ரஷ்ய மொழியில் ரைப் பண்ணிக் கொடுத்தவனும் அவன்தான். ஆக, புதன் காலை தூதரகம், பிற்பகல் ஹீத்ரோ. தவறினால் ஒன்பது கையெழுத்தும் வெறும் மை.

"நானும் வரட்டோ?" என்று கேட்டது நான்தான். அன்ரிக்கு அரசாங்கக் கட்டிடம் எதற்குள்ளும் தனியப் போகப் பயம். அடுத்த வருடம் இதே கண்ணாடிக்கு முன்னால்தான் பாஸ்போட் புதுப்பிக்கவும் நிற்க வேண்டும். பேர் ஒரு சங்கத்தில் ஏறினால் யார் என்ன கேட்பார்களோ என்ற யோசனை வேறு. அம்மாவுக்கு ஷிப்ட். "உனக்கு வாய் இருக்குத்தானே, போ," என்றார் அம்மா. "ஆனா அங்க போய் அதைத் துறக்காத."

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஒன்றியப் பொதுக்கூட்ட அறிவித்தல்களுக்கு முத்திரை குத்துவது என் வேலை. முத்திரை இல்லாத தாளை எங்கள் வீட்டில் தாளாகவே மதிப்பதில்லை. இதைப் பார்த்து வளர்ந்த நான், போன வருடம் தமிழ் வகுப்பில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தேன். பெயர், பிந்தி வருவோர் முன்னேற்றச் சங்கம். சவுத்தாலில் ரப்பர் முத்திரை செய்யும் கடையில் ஐந்து பவுண் கொடுத்து வட்ட முத்திரையும் அடித்தாகிவிட்டது. சுற்றிவரத் தமிழ் எழுத்து, நடுவில் போர்வைக்கு வெளியே நீட்டிய இரண்டு கால். அன்று எண்பது அறிவித்தலையும் குத்தி முடிக்க, மேசையில் அன்ரியின் கடிதம் கிடந்தது. கீழ் மூலையில் ஒரு வெள்ளை இடம். என் முத்திரையை ஊதா மையில் ஒற்றி அழகாக ஒன்று வைத்தேன். காலையில் கண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் காலையில் அதைக் கவனிக்கவில்லை. கடிதத்தை ஒரு கோப்புக்குள் போட்டு மூடிப் பையில் வைத்துவிட்டார். எனக்கும் மறந்துவிட்டது.

காலை ஒன்பதரைக்குப் பிறகு வாங்கினால் ஒரு நாள் ட்ராவல்கார்ட் மலிவு. ஆறு வலயத்துக்கும் அன்ரிக்கு நாலு பவுண் ஐம்பது, எனக்குப் பிள்ளைக் கட்டணம் ஒரு பவுண் தொண்ணூறு. ஒன்பது முப்பத்திரண்டுக்கு வாங்கினோம். ரெய்னர்ஸ் லேனில் ஒரே மேடையில் மெட்ரோபொலிட்டனும் பிக்கடில்லியும் வரும். வடிவாகப் பார்த்து ஏறுங்கள். கடும் நீல நிறக் கோட்டில் போனால் சவுத் கென்சிங்டன் பதின்மூன்றாவது தரிப்பு, மாற வேண்டியதில்லை. எங்கள் ரயில் ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் புறப்பட்டது. சட்பரி ஹில், சட்பரி டவுன் தாண்டி அல்பேர்ட்டனில் நின்றபோது அன்ரி யன்னலால் தொழிற்சாலைப் பக்கம் பார்த்தார். அம்மா அங்கே பாண் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். அக்ரன் டவுனில் சாரதி மாறுவதற்கு ஏழு நிமிடம் நிறுத்தினார்கள். இது அடிக்கடி நடக்கும். நேரம் கணக்குப் போடுகிறவர்கள் சேர்த்துப் போடுங்கள்.

வழி முழுக்க அன்ரி கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்திருந்தார்.

"பறந்து போகாது அன்ரி. வேணுமெண்டா நான் மேல ஏறி இருக்கிறன்."

"நீ இருந்தா நசிஞ்சு போகும்," என்றார். இந்த அளவுக்கு அவரைக் கெடுத்து வைத்திருந்தேன்.

பத்து முப்பத்தொன்றுக்கு இறங்கினோம். தூதரகம் ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடை. வெள்ளைச் சுவர், தூண் வைத்த வாசல், பணக்கார வீடுகளுக்கு நடுவில் இன்னொரு பணக்கார வீடு மாதிரி. அலுவல் பார்க்கும் நேரம் பன்னிரண்டரை மட்டும் என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே பன்னிரண்டு நாற்காலி, பதினான்கு பேர். எல்லாரும் குரல் தாழ்த்தியே பேசினார்கள். எங்களுடைய தூதரகத்தில் என்றால் இதற்குள் இரண்டு பேர் ஊர் விசாரித்துச் சொந்தம் கண்டுபிடித்திருப்பார்கள்.

எங்கள் முறை வர பதினொன்று இருபத்தைந்து ஆகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலருக்கு நடுத்தர வயது, கம்பளிச் சட்டை, மரியாதையான முகம். கடிதத்தை வரி வரியாக வாசித்தார். பாஸ்போட்டைப் பார்த்தார். பேனையைக் கூட எடுத்துவிட்டார். பிறகு கீழ் மூலைக்கு வந்தார்.

ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். அன்ரி குனிந்து பார்த்தார். அவருடைய கழுத்தில் இருந்து மேலே நிறம் போவதை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

"அது என்ர," என்றேன் ஆங்கிலத்தில்.

அலுவலர் என்னிடம் ஆங்கிலத்துக்கு மாறினார். "இது எந்த அமைப்பு?"

"ஒரு சங்கம்."

"எந்த நாட்டுச் சங்கம்?"

"ரெய்னர்ஸ் லேன்."

"பெயர்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். பின்னால் நின்ற ஒருவர் இருமினார். அலுவலர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னேன். வீட்டில் எவ்வளவு சிரிப்பாக இருந்த பெயர் அது.

"நோக்கம்?"

"பிந்தி வாறது."

"தலைவர் யார்?"

"நான்தான்."

"எத்தனை பேர்?"

"நாலு. ஒருத்தி விலகிட்டாள், அவளின்ர அம்மா நேரத்துக்கு எழுப்பத் தொடங்கிட்டா."

"எங்கே பதிந்தது?"

"பதியேல்லை. சும்மா தொடங்கினது."

"யாரும் வந்து கேட்கவில்லையா?"

"தமிழ் வாத்தியார் கேட்டவர். நல்ல முத்திரை எண்டு சொல்லிப்போட்டு, என்னை வெளியில நிக்க விட்டவர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்த ஊதா வட்டத்தையும் இரண்டு காலையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. "இங்கே இது விளையாட்டு," என்றார். "அங்கே இதைக் கையில் எடுப்பவருக்கு இது விளங்காத எழுத்தில் ஒரு வெளிநாட்டு அமைப்பு. இவர்கள் யார், இவர்களுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பத்துப் பேரிடமும் கேட்கலாம். இதில் நான் அத்தாட்சி வைக்க முடியாது." பிறகு அன்ரியைப் பார்த்து ரஷ்ய மொழியில் நீளமாகச் சொன்னார். அன்ரி தலையாட்டினார், கடிதத்தை எடுத்தார், வெளியே நடந்தார்.

வாசற்படியில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஏசப் போகிறார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"பேனை வைச்சிருக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

புதிதாகக் கையால் எழுதிக்கொண்டு பன்னிரண்டரைக்கு முதல் வந்தால் எடுப்பதாக அலுவலர் சொல்லியிருக்கிறார். வெட்டு, கொத்து, மை அழிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. கோடு போடாத தாள் வேண்டும். அப்போது மணி பதினொன்று நாற்பது.

ஸ்டேஷன் வாசல் பக்கத்துப் பேப்பர் கடையில் ஒரு குஜராத்தி அங்கிள் நின்றார். கோடு போட்ட கொப்பி இருந்தது, கோடு போடாதது இல்லை. மூச்சு வாங்க நான் கேட்ட விதத்தில் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். போட்டோகொப்பி இயந்திரத்தின் தட்டைத் திறந்து ஆறு தாள் உருவித் தந்தார். காசு வேண்டாம் என்றார்.

"பரீட்சையோ?" என்று கேட்டார்.

"இவவுக்கு," என்றேன்.

அதே ஸ்டேஷனின் கடைத்தெருவில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. தேத்தண்ணி எண்பது பென்ஸ். இரண்டு வாங்கினால்தான் மேசை. வாங்கி, இரண்டையும் தரையில் வைத்தோம். அன்ரி மேசையைத் துடைத்தார், கைக்குட்டையால் இன்னொரு தரம் துடைத்தார். பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். நான் எதிரில் இருந்தேன்.

"நீ அந்த மேசைக்குப் போ," என்றார்.

போனேன். முதல் தாளில் திகதியைப் பிழையாக எழுதிவிட்டார். இரண்டாவது தாள் பாதி வரை நல்லாகப் போனது. மேசையின் ஒரு கால் கட்டை. கை ஊன்றிய இடத்தில் மேசை ஆட, பேனை இழுத்துவிட்டது. மணி பன்னிரண்டு ஐந்து. அன்ரி இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பாண் தொழிற்சாலைத் தட்டு சுட்ட தழும்புகள் அந்தக் கைகளில். தினமும் எங்கள் வீட்டில் கோப்பை கழுவும் கைகள், அன்றுதான் கவனித்தேன்.

நான் கேட்காமலே எழுந்து போய், அந்த மேசைக்குக் கீழே முழங்காலில் இருந்து, கட்டைக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தன் பாட்டில் போய்விட்டார்.

மேலே இருந்து பேனை நகரும் சத்தம் பலகையால் கேட்டது. ஒரு இடத்தில் நின்றது.

"என்ன எழுதிறீங்கள்?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"என்ர பேர். பிறந்த இடம்." நகர்ந்தது. "காது கேளாத பிள்ளையளின்ர குடும்பங்கள் சங்கம்." மறுபடி நின்றது. "என்ர சொந்த விருப்பத்தில நிறுவனராகச் சம்மதிக்கிறன்."

"அதில ஏன் நிண்டனீங்கள்?"

"இந்த வரியிலதான் அந்த மனுசன் விட்டுட்டுப் போனது," என்றார். "அவருக்கு ரெண்டு பிள்ளையளும் கேளாதது. எனக்கு அவரில கோபம் வரேல்லை." பேனை மறுபடி நகர்ந்தது.

பன்னிரண்டு பதினாறுக்கு முடிந்தது. எழும்பியபோது என் இரண்டு முழங்காலும் மரத்துப்போய், ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடினேன். அன்ரி எனக்கு முன்னால் ஓடினார். அவர் ஓடி நான் கண்டதே இல்லை. கதவுக்குள் நுழைய பன்னிரண்டு இருபத்திமூன்று. கண்ணாடிக்கு முன்னால் யாரும் இல்லை. அலுவலர் தாளை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை என்று. அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாய் ஓரம் ஏதோ செய்தது. அன்ரி அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார். கட்டணத்தை எனக்குக் காட்டாமல் கட்டினார், அதனால் அது மேலே சொன்ன கணக்கில் இல்லை. அலுவலரின் முத்திரை நீல நிறம். அதை அவர் ஒற்றியபோது அன்ரி கண்ணை மூடியிருந்தார்.

திரும்பும் வழியில் பேப்பர் கடையில் நாலு பிரதி எடுத்தோம், பத்துப் பென்ஸ் படி நாற்பது. இந்த முறை அங்கிள் காசை வாங்கினார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஹீத்ரோ ரயில். இதுவும் அதே நீலக் கோடுதான். ஆனால் அக்ரன் டவுனில் கிளை பிரியும். முன்னால் ஹீத்ரோ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். ஹாமர்ஸ்மித் தாண்டும் வரை நான் சொறி சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வார்த்தை பிந்தி வந்தது.

"அன்ரி, நான் விளையாட்டுக்குத்தான்..."

"தெரியும்." யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "உன்ர சங்கத்தில சேர எத்தினை கையெழுத்து வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். பிந்தி வந்தாப் போதும்."

"அப்ப இண்டைக்கு ஏழு நிமிசம் முந்தி முடிச்சனாங்கள். என்னைச் சேர்ப்பியா?"

"கஷ்டம்தான். செயற்குழுவைக் கேக்க வேணும்."

"கேள்," என்றார். "கேட்டுப்போட்டு எனக்கு முத்திரை குத்தாமல் சொல்லு."

அன்ரி சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. அன்ரி தன் கைக்குட்டையைத் தந்தார். மேசை துடைத்த அதே அழுக்குக் கைக்குட்டை.

ஒன்று நாற்பத்தைந்துக்கு ஹீத்ரோ. இரண்டாம் டெர்மினலுக்கு நிலத்தடிப் பாதையால் பத்து நிமிடம் நடை. எர்லான் இரண்டு பெரிய பையோடு நின்றான். பிராங்பேட்டில் விமானம் மாறி அல்மாட்டி, அங்கிருந்து இரவு ரயிலில் கரகண்டா. கடித உறையைக் கைப்பையில் வைக்கப் போனான். அன்ரி விடவில்லை. சட்டைக்கு உள்பக்கப் பைக்குள் வைப்பித்து, வெளியே தட்டிப் பார்த்தார். அவன் பாதுகாப்புச் சோதனைக் கதவுக்குள் போய் மறைந்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றார். எனக்குப் பசி. ஒரு பொதி சிப்ஸ் ஒரு பவுண் நாற்பத்தைந்து. விமான நிலையத்தில் எதையும் வாங்காதீர்கள், வீட்டிலிருந்து ரோல்ஸ் கட்டிக்கொண்டு போங்கள். சிப்ஸில் பாதிக்கு மேல் அன்ரி சாப்பிட்டார். முதல் நாள் இரவிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு ரயிலில் திரும்பவில்லை. அதே ட்ராவல்கார்ட்டில் 140 பஸ் எடுக்கலாம், ஹேய்ஸ், நோர்தோல்ட் வழியாக ஹரோப் பக்கம் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் மேல்தட்டில் முன் ஆசனம் கிடைத்தால் அதைப் போல ஒரு சுகம் இல்லை. அன்ரி ஹேய்ஸ் வரும் முன்பே நித்திரை. தலை என் தோளில். நான் என் தரிப்பு வரும் வரைக்கும் அசையவில்லை.

இனி, இப்படிப் போகிறவர்களுக்கு. தூதரகக் கடிதம் எதையும் முதல் நாளே மேசையில் பரப்பி வைக்காதீர்கள், முக்கியமாக என்னைப் போல ஆள் இருக்கும் வீட்டில். கையெழுத்தை வீட்டில் போடாதீர்கள், அவர்களுக்கு முன்னால்தான் போட வேண்டும். கோடு போடாத வெள்ளைத் தாள் பத்து, கறுப்பு மைப் பேனை இரண்டு கொண்டு போங்கள். அலுவல் நேரம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்படி உங்கள் முறை வரப் பாருங்கள். பிழை வந்தால் திருத்த அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அத்தாட்சி கிடைத்த உடனே பிரதி எடுங்கள். இன்னொன்று, மொழிபெயர்க்கப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும். உங்களோடு வருகிறவர் கோப்பை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று ரயிலில் கேட்டுவிடுங்கள். நான் பகிடி விட்டேனே தவிர, கேட்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தது, இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது. சாசனத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றச் சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பினார்களாம். மாற்றிக் கொடுத்தார்கள். மே போனது, ஜூன் போனது. தொலைபேசி அடித்தால் அன்ரி மாடிப்படியில் பாதியில் வந்து நிற்பார், எங்களுக்கு என்று தெரிந்ததும் திரும்பி ஏறுவார். அப்பா ஒவ்வொரு ஞாயிறும், "ஏதும் அறிஞ்சதோ?" என்று கேட்பார். ஓகஸ்டில் பதிவுப் பத்திரம் கிடைத்தது என்று ஒரு வரிச் செய்தி வந்தது. அன்ரி அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. அங்கே பிற்பகல் மூன்று. அய்ஷான் அந்தப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் இருந்த தொலைபேசியிலிருந்து பேசினார். முதல் வகுப்பு நடக்கிறது என்றார். தானாவிடம் கொடு என்று அன்ரியால் கேட்க முடியாது, தானாவால் பேசவும் முடியாது. அய்ஷான் ரிசீவரை வயர் எட்டும் வரை இழுத்து, வகுப்புக் கதவுக்குள் நீட்டிப் பிடித்தாராம். அன்ரி எங்கள் நடையில் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரை என் காதில் வைத்தார்.

முதலில் இரைச்சல் மட்டும்தான். பிறகு தொம் தொம் என்று. மரத் தரையில் கால்கள். பிள்ளைகள் சைகையால் எண்ணப் பழகுகிறார்களாம், ஒவ்வொரு எண்ணுக்கும் தரையில் ஒரு உதை. சத்தம் கேட்காவிட்டாலும் மற்றவருடைய உதை தங்கள் உள்ளங்காலுக்குத் தெரியும் என்பதால். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஒருவன் விட்டுவிட்டு எல்லாரும் முதலில் இருந்து.

"ஆரடி போனில?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

"வந்து கேளுங்கோ," என்றேன்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார். அப்பா பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து கேட்டார். அய்ஷானுக்கு ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காசு போகும் என்று யாரும் பேசவில்லை. ரிசீவர் மறுபடி அன்ரியின் கைக்குப் போய், அவர் திரும்பவும் என்னிடம் நீட்டியபோது, அங்கே இன்னும் உதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.